பூல்மதிக்கு அலாட் ஆன வீடு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சித்திக்கு இந்தி பேசிக் கொடுக்கும் வேலை. சம்பளம் கிடையாது, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆரஞ்சு குச்சி ஐஸ் உண்டு.

அப்போது நாங்கள் தலைநகரில், லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. இரண்டு அறை வீடு. இன்னும் ஒரு அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டில் முருகன் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் உச்சரிக்கப்பட்ட சொல் ‘அலாட்மென்ட்’. யாருக்கு எந்தக் காலனியில் அலாட் ஆனது, அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். தமிழ்தான் தகராறு. வீட்டில் பேசும் திருநெல்வேலித் தமிழ் புரியும். அதைத் தாண்டி ஒரு பெரிய சொல் வந்தால் முழிப்பேன்.

சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சித்திக்குத் தாய் தகப்பன் இல்லை என்பதால் அப்பா ஊருக்குப் போய் அவளை எங்களோடு அழைத்து வந்தார். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். தீபாவளி போய்ப் பொங்கல் வந்தும் அப்படியே கிடந்தாள். அம்மா தட்டில் சோறு போட்டு வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது சித்தி மூச்சு விடுகிறாளா என்று. அம்மா அப்படிப் பார்ப்பதைக் கண்டு கற்றுக்கொண்டது அது.

பாத்திரம் தேய்க்க, தமிழ்க்காரர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து ராஜாத்தி அக்கா வருவாள். அவள்தான் ஒருநாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தங்கள் தெருவில் ஜெபக்கூட்டம் உண்டு, வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்றாள். சித்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து தலை வாரிக்கொண்டாள். எங்கே போனாலும் சரி, எழுந்தால் போதும் என்று அம்மா அனுப்பி வைத்தாள்.

நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் நடந்த கூட்டம் அது. அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சித்தி திரும்பி வந்து குளித்தாள், சாதம் போட்டுக்கொண்டாள், இரண்டாம் தரமும் கேட்டாள். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள்.

இரண்டு மாதம் கழித்துச் சித்தி அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அவங்க போனப்புறம் நான் எதுக்கு மிச்சமிருக்கேன்னு தெரியாமக் கெடந்தேன் அக்கா. இப்போ தெரியுது.”

அம்மா எதுக்கு என்று கேட்டாள். ஒரு வேலைக்காக என்றாள் சித்தி. என்ன வேலை என்பது அவளுக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை. கூட்டத்துக்கு வரும் பெண்களில் ஒருத்தி பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா. பெண்கள் வார்டில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கிறவர்களைப் பற்றி அவள் சொல்லக் கேட்டு, சித்தி ஒரு சீப்பையும் தேங்காய் எண்ணெய் பாட்டிலையும் ஒரு தூக்குச் சட்டி கஞ்சியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிடுக்குப் பிடித்த தலைகளை வாரிப் பின்னுவாள். கஞ்சி ஊட்டுவாள். கட்டிலோடு கிடக்கிறவர்களைத் துடைத்துவிடுவாள். அதற்கெல்லாம் பாஷை வேண்டியிருக்கவில்லை.

சித்தி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டது தெரிந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. தம்பியும் போனான், தம்பி பெண்டாட்டியும் போனாள் என்றார். பிறகு ஒரு நிபந்தனை விதித்தார். அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது.

கோடை விடுமுறையில் அந்த நிபந்தனையை அம்மாதான் மீறினாள். பூல்மதி என்று ஒரு பெண் எட்டாம் நம்பர் கட்டிலில் கிடப்பதாகவும், கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ கேட்பதாகவும், ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றும் சித்தி வந்து சொன்னாள். அவளுக்கு இனி மருந்து இல்லை என்று ஆயா சொல்லியிருந்தாளாம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்பா ஆபீஸ் போனதும் எனக்குத் தலை சீவிவிட்டு, ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

பூல்மதிக்கு அம்மா வயதுதான் இருக்கும். பார்த்தால் அப்படித் தெரியாது. பிகாரில் ஏதோ கிராமம். புருஷன் அரசாங்கத் தோட்டத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் மாலி. குவார்ட்டர்ஸ் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுக் குடிசையில் காத்திருந்தவன், பெயர் மேலே வருவதற்குள் செத்துப்போனான். அதன் பிறகு பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. இதையெல்லாம் அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்: நான் செத்தால் எங்கே போவேன்? இத்தனை நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

சித்தி சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“பரலோகத்துல அவளுக்கு ஒரு வாசஸ்தலம் ஆயத்தமா இருக்குன்னு சொல்லுட்டி. இயேசு அதை ஆயத்தம் பண்ணி வச்சிருக்காருன்னு சொல்லு.”

எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. வாசஸ்தலம் என்றால் என்ன என்று கேட்டேன்.

“வீடுட்டி. தங்குத வீடு. அவ பேருக்குன்னே வச்சிருக்கு.”

அதற்கு இந்தியில் என்ன சொல்வது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“ஆன்ட்டிஜி, ஆப்கா குவார்ட்டர் அலாட் ஹோ கயா.”

தன் வீடு அலாட் ஆகிவிட்டது என்று கேட்ட பூல்மதி என்னை வெறித்துப் பார்த்தாள். அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். யார் அலாட் செய்தது என்று பூல்மதி கேட்டாள். இயேசு என்றேன். அவளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இந்த மதராசிப் பெண் தன்னைத் துடைத்துவிடும்போதெல்லாம் முணுமுணுக்கும் பெயர் அதுதான் என்றாள். எத்தனை அறை என்று கேட்டாள். சித்தி நிறைய என்றாள். தண்ணீர் வருமா என்று கேட்டாள். வாசலிலேயே ஆறு ஓடுகிறது என்று சொல்லச் சொன்னாள் சித்தி. பூல்மதியின் குடிசையும் ஒரு நாலாவின் கரையில்தான் இருந்தது. அந்த ஆறு நாறுமா என்று கேட்டாள். இதற்குச் சித்தியைக் கேட்க வேண்டியதில்லை என்று நானே நாறாது என்று சொல்லிவிட்டேன். பூல்மதி சிரித்தாள். அவள் சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை என்று ஆயா பின்னால் சொன்னாள்.

அதிலிருந்து இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போனோம். போகும்போதெல்லாம் வீட்டைப் பற்றி ஏதாவது கேட்பாள். சித்தி தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வாள். அங்கே வலி இல்லை, அழுகை இல்லை, யாரும் வந்து காலி செய் என்று சொல்லப்போவதில்லை. மனுவே போடாமல் எப்படித் தனக்குக் கொடுத்தார்கள் என்று பூல்மதி ஒருநாள் கேட்டபோது, சித்தி தனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள் என்றாள். அவளுக்காக வாய்விட்டு ஜெபம் பண்ணுவாள். நான் மொழிபெயர்க்கத் திணறினால் பூல்மதி கையமர்த்துவாள், புரிகிறது என்று.

கடைசியாகப் பார்த்த அன்று அவளுக்குக் குரல் எழவில்லை. நான் காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டேன்.

“என்னட்டி கேக்கா?” என்றாள் சித்தி.

என் புருஷன் அங்கே இருப்பானா என்று கேட்கிறாள் என்றேன். அவன் இந்தச் சாமியின் பெயரைக் கேட்டதுகூடக் கிடையாதாம். அவனை உள்ளே விட்டிருப்பார்களா?

பூல்மதியின் தலையை வாரிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது. சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் போயிற்று.

“எனக்குத் தெரியலைன்னு சொல்லு,” என்றாள் கடைசியில். “கதவு அவரு கையில இருக்கு. அவரு நல்லவருன்னு சொல்லு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

பூல்மதி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளிடம் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. இருப்பார், உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார் என்று இந்தியில் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தியின் கையை எடுத்துத் தன் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது எட்டாம் நம்பர் கட்டிலில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. சித்தி அந்த வார்டுக்குப் போவதை விடவில்லை. திருநெல்வேலி ராகத்தில் ஒரு இந்தி கற்றுக்கொண்டு, என் உதவி இல்லாமலே எத்தனையோ பேர் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன விஷயம் அப்போதே அப்பாவுக்குத் தெரிந்து, அம்மாவோடு நாலு நாள் பேசாமல் இருந்தார். ஐந்தாம் நாள், அந்த பிகார்க்காரிக்கு வலி இல்லாமல் போயிற்றா என்று கேட்டார். சித்தியைப் போலத் தீர்மானமாக வாழ்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆறுதலுக்காகக்கூடத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை அவள். அதன் விலை என்ன என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் உறைத்தது.

எட்டாம் நம்பர் கட்டிலில் வேறு பெண்ணைப் பார்த்த அன்று, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். பூல்மதி அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, புருஷன் இல்லை என்று கண்டால் என்ன நினைப்பாள் என்று எனக்குப் பயமாகிவிட்டது. பொய் சொன்னதைச் சித்தியிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சித்தி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“அவகிட்ட என்ன சொன்ன? தமிழ்ல சொல்லு.”

“இருப்பாரு. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காரு.”

சித்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“இன்னொரு தரம் சொல்லுட்டி.”

சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டாள். சித்தப்பாவும் இயேசுவின் பெயரைச் சொல்லாமலே போனவர் என்பது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. நான் மொழிபெயர்த்தது சரிதானா என்று பார்க்கிறாள் என எண்ணி, ஒவ்வொரு தரமும் ஒரு சொல் பிசகாமல் அப்படியே சொன்னேன்.