அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு விரிசல்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அண்ணன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் எழுப்பினேன். மேஸ்திரி செங்கல்லை நனைக்காமலே கட்டினான். சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பாக்கியைத் தர மறுத்துவிட்டேன்.

போன மாதம் அண்ணன் இறந்துபோனார்.

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முதல்ல செவுத்த இடிச்சுக் கட்டு, அப்புறம் பாக்கி கேளு" என்றேன்.

"இன்னா சார், தெரியாத மாதிரி பேசிக்கினு கீறீங்க? உங்க அண்ணன் அப்பவே குட்த்துட்டாரு. வெடிப்ப மட்டும் அடைக்க வேணாம்னாரு. அது வழியா தம்பி நடமாடுறது தெரியுதாம்."

வீடு திரும்பியதிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்ட முடியவில்லை.

நல்ல கொத்தனார் இருந்தால் சொல்லுங்கள். பெயர் போடாமல்தான் பதிகிறேன். போட்டால், எந்தச் சுவரென்று வந்து எட்டிப் பார்ப்பீர்கள்.