நான் போட்ட பட்டியலில் விட்டுப்போன வரிசை

1. இரண்டு டிசைன்

ரிவ்யூ மீட்டிங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். பயந்து ஓடிவிட்டேன் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். பாதி உண்மைதான்.

ராணுவத்துக்கு ஆயுதம் வடிவமைக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஓர் ஆள் தூக்கிப்போகும் ஏர்பர்ஸ்ட் துப்பாக்கி எங்கள் பிராஜெக்ட். அதன் ரவுண்டு, அதாவது குண்டு, மோதி வெடிக்காது, குறித்த தூரத்தில் காற்றிலேயே வெடிக்கும். சுவருக்குப் பின்னால் பதுங்கியவனுக்கும் தப்ப வழியில்லை.

போட்டியில் இரண்டு டிசைன். ஒன்று என்னுடையது, ஐந்து வருட உழைப்பு. இதற்கென்றே செய்த பெரிய ரவுண்டு. வீச்சு, துல்லியம், தாக்கம் மூன்றிலும் முந்தும். மற்றது பொது ரவுண்டு. ஜவான்களிடம் ஏற்கெனவே இருக்கும், குண்டு ஏவும் லாஞ்சரின் ரவுண்டு அளவிலேயே செய்தது. அந்தச் சின்ன உடம்பில், எங்கே வெடிப்பது என்று கணக்கிடும் எலக்ட்ரானிக் ஃபியூஸுக்கு இடம் விட்டால் வெடிமருந்து குறையும், தாக்கமும் குறையும். அதைச் செய்த குழுவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சின்னக் கடை’.

எனக்கு ஒரே உறுத்தல் எடை. எடை விஷயத்தில் எங்கள் ஆபீஸில் யாரும் அரிச்சந்திரன் இல்லை. பேட்டரியின் எடை ரவுண்டோடு சேரும் என்பார்கள், குறிபார்க்கும் சைட்டைச் செய்யும் குழுவினர். சைட்டோடு சேரும் என்போம் நாங்கள். கடைசியில் அது இரண்டு கணக்கிலும் இருக்காது.

2. பை

ராஜபாளையம் மில் ஒன்றில் கழித்துப்போட்ட பேரிங்குகளை வாங்கி, ரவுண்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, பேட்டரி உட்பட என் டிசைனின் மொத்த எடைக்கு ஒரு பையை நிரப்பினேன். பக்கத்து மம்சாபுரத்தில் என் மனைவியின் தம்பி பாண்டி, ராணுவத்தில் ஹவில்தார், லீவில் வந்திருந்தான்.

“மச்சான், உள்ள என்னன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீய. தூக்கணும், அம்புட்டுதான?”

செண்பகத்தோப்பு ஓடை வரை போய்த் திரும்பினான். எடையைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே வேறொன்றைக் கேட்டான்.

“பொட்டலமெல்லாம் ஒரே எடையா கட்டியிருக்கீய. ரவுண்டுன்னு தெரியாதா எனக்கு? இது பக்கத்து ஆளு துப்பாக்கிக்கும் ஆகுமா?”

“ஆகாது. உன்னுதுக்கு மட்டும்தான்.”

“அவன் ரவுண்டு என்னுதுக்கு?”

“அதுவும் ஆகாது.”

“அப்ப தீந்துட்டா? நாங்க கை மாத்தித்தான் அடிப்போம் மச்சான். பக்கத்துல கெடக்கவன்ட்ட கைய நீட்டுனா ஏதாச்சும் வரணும். இது தீந்தா பொறவு இரும்புத் தடிதான். அதையும் நான்தான் சொமக்கணும்.”

சொல்லிவிட்டு மோர் கேட்டான்.

3. வரிசை

திரும்பிப் போனதும், இரண்டு டிசைனையும் ஒப்பிடும் பட்டியலின் கடைசியில் ஒரு வரிசை சேர்த்தேன்: ‘தீர்ந்தால்?’ சின்னக் கடையின் கட்டத்தில், ‘பக்கத்து ஆளின் சாதா ரவுண்டும் போகும்’ என்று எழுதினேன். என் கட்டத்தில், ‘யாரிடமும் இல்லை.’

எங்கள் டிவிஷன் ஹெட் கோவில்பட்டிக்காரர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உம்ம டிசைனத்தான்யா நான் ரெகமண்ட் பண்ண இருந்தேன். இத நீரே எழுதுதீரா?”

“ஆமா சார்.”

“அஞ்சு வருசம்யா.”

“தெரியும் சார்.”

பொது ரவுண்டு தேர்வானது. என் ரவுண்டின் மாடல் ஷோகேஸுக்குப் போனது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பக்கம் போகாமல் கேண்டீனுக்குச் சுற்றிப் போன நாட்கள் உண்டு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும் நம்பும் முன், அதைப் போட்டது யார் என்று பாருங்கள். எங்கள் பட்டியலைப் போட்டவன் நான். நான் ஜெயிக்கும் வரிசைகள் மட்டுமே அதில் இருந்தன.

சில வருடம் கழித்து லீவில் வந்த பாண்டி சொன்னான்: “புதுசா ஒண்ணு குடுத்திருக்காவ மச்சான். நம்ம லாஞ்சர் ரவுண்டும் அதுல போவுது. எவனோ எங்கள மாதிரி ஆளுட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கான்.”

“இருக்கும்” என்றேன்.