திரண்டி வாலும் மிளாக் கொம்பும்

புதுவீட்டுப் பாலுகாச்சுக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது சுவரைத்தான். செங்கல் என்கிற ஊரில் பத்து சென்ட் மண்ணில் சதானந்தன் துபாய்ப் பணத்தில் கட்டிய வீடு அது. முன்னறையில் ஒரு மிளா மானின் கொம்பு, அதன் கீழே திரண்டி என்கிற திருக்கை மீனின், பிடி போட்ட காய்ந்த வால். ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஜன்மி செத்தபிறகு அவர் மகன் பெரிய வீட்டுப் பழைய சாமான்களை விற்றபோது இவன் ஆசையாக வாங்கி வந்தவை. மானங்கெட்ட ஆசை! அந்த வால் எதற்கானது என்று ஊரில் வயசான எந்த முதுகைக் கேட்டாலும் சொல்லும். இவனுக்கு மட்டும் தெரியாது.

எப்படித் தெரியும்? அம்மா விஜயம்மா சொன்னதில்லை. ஊரார் விளையில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி அவனை வளர்த்தவள். புருஷன் தங்கையன், குடியிருப்பவனுக்கே குடிசை மண் என்று குடிகிடப்புச் சட்டம் வந்ததும் குடிசை நின்ற இந்தப் பத்து சென்டுக்கு மனுக் கொடுத்தார். அதற்காக ஜன்மி அவரைத் தென்னையில் கட்டிவைத்துத் திரண்டி வாலால் அடித்தார். மண் கிடைத்துவிட்டது. ஆனால் சாகும்வரை அந்த மனுஷன் பெற்ற பிள்ளைக்குக்கூட முதுகைக் காட்டவில்லை.

முன்னறையில் பாலுக்கு அடுப்பு மூட்டப் போன விஜயம்மா சுவரைப் பார்த்தாள்.

"எலே, அந்த வால எடுத்துக் களை."

"கொம்பும் அதும் ஜோடியாக்கும் அம்மா. ரண்டும் மிருகத்துக்கதுதானே?"

"ஜோடியா? மிளா காட்டுல புல்லு தின்னு நின்னுது, ஜன்மி சுட்டான். திரண்டி கடலுல மணலுக்குள்ள கிடந்துது, காலு வச்சு சவுட்டினாத்தான் குத்தும். அதுக்க வாலையும் அறுத்தான். கொம்பு ஆரையும் அடிக்கல்ல, அது கிடக்கட்டு. வாலு உனக்க அப்பனுக்க முதுகுத் தோல உரிச்சதாக்கும்லே!"

பெரிய நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த ஜன்மியின் மகன் சிரித்தார்.

"அதெல்லாம் பழைய கதையில்லியா விஜயம்மே? இப்ப எல்லாரும் ஒண்ணு."

சிரிப்பைப் பாருங்கள்! பழைய கதை என்று அடிபட்டவனல்லவா சொல்ல வேண்டும்?

விஜயம்மா வாலைப் பிடுங்கி, பால் பானையின் அடியில் அடுப்புக்குள் திணித்தாள். மயிர் கரிந்தாற்போல நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. ஜன்மியின் மகன் எழுந்து மூக்கைப் பொத்தினார்.

"என்ன ஒரு நாத்தம்!"

"எனக்க மாப்பிளைக்க முதுகு அழுகி நாறினப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல்ல. இதயாவது மோந்துட்டுப் போங்க."

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். சதானந்தன் கூப்பிடவில்லை. குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலின் பிடியை அடுப்புக்குள் தள்ளினான்.