விரலுக்கு ஒரு சுவிட்ச்

போன வாரம் முழுக்க எனக்கு இருப்பே கொள்ளவில்லை. போன் அடித்தால் ஓடுவது, அடிக்காவிட்டால் எடுத்துப் பார்ப்பது... எதற்கு? எதிர் குவார்ட்டர்ஸ் ரேவதி வீட்டு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்கு!

ரேவதிக்குப் பெண் குழந்தை. இரண்டு கையிலும் இரட்டைக் கட்டைவிரல். சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். பதறியது மாமியார்தான்.

"கிரகணத்துல அருவாமனய வச்சிகினு காய் நறுக்கினா... சொன்னா கேட்டாளா?"

ஜீன் டெஸ்ட் எடுத்தார்கள். ஜீனில் ஒரு குறையும் இல்லை. வினை அங்கேதான்!

"பாத்தியா? எல்லாம் இவ செஞ்ச வேல" என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். ரேவதி குழந்தையோடு கம்மாபுரம், அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கணவன் செல்வம், மைன்ஸில் ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நிற்பான்.

பெங்களூரில் ஜீன் ஆராய்ச்சி செய்யும் என் மகள் நித்யாவிடம் புலம்பினேன்.

"பல்பு நல்லாத்தான் இருக்கும்மா. சுவிட்சைப் பாத்தாங்களா?"

ஜீன் எங்கே, எப்போது வேலை செய்யணும் என்று சொல்கிற சுவிட்ச், ஜீனுக்கு வெளியே வெகு தூரத்தில்கூட இருக்குமாம். அத்தனை பெரிய டி.என்.ஏ.வில் அதை எப்படித் தேடுவது? மனிதன், எலி, கோழி — எல்லாருடைய டி.என்.ஏ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். கோடிக்கணக்கான வருஷத்தில் மற்றதெல்லாம் மாறியிருக்க, ஒரு துண்டு மட்டும் அப்படியே இருந்தால்? அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது என்று அர்த்தம். விரல் சுவிட்ச் ஒன்று அப்படித்தான் சிக்கியதாம்.

டாக்டரிடம் அந்த இடத்தையும் பார்க்கச் சொன்னோம். ரேவதியைக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரவழைத்து, அப்பா, அம்மா, குழந்தை — மூவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

சனிக்கிழமை செல்வம் வந்தான். கையில் ரிசல்ட்.

"அந்த சுவிட்ச்சுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்காம்க்கா. என்கிட்டேர்ந்து வந்திருக்கு."

"உன் விரல் நல்லாத்தானேப்பா இருக்கு?"

"சில பேருக்கு வெளிய தெரியாதாம்க்கா."

நேரே தன் வீட்டுக்குள் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"ம்மா, கிரகணமும் இல்ல, ரேவதியும் இல்ல. என்னாலதான்."

மாமியார் மகன் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தார். அப்புறம், "சரி வுடுடா... ஆண்டவன் குடுத்தது. யாரு என்னா பண்ண முடியும்?" என்றார்.

மருமகளால் என்றால் பாவம். மகனால் என்றால் ஆண்டவன் கொடுத்தது!

செல்வம் பைக்கில் கம்மாபுரம் போனான். ரேவதி வரவில்லை. "ஒங்கம்மா வந்து கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டாளாம்.

மறுநாள் மாமியாரே பஸ் ஏறினார். சாயங்காலம் ஆட்டோவில் மாமியார், ரேவதி, குழந்தை மூவரும் வந்து இறங்கினார்கள்.

"மன்னிப்பு கேட்டாங்களா?" என்றேன் ரேவதியிடம், மெதுவாக.

"அதெல்லாம் கேக்கலைங்க. என் துணிப்பைய மட்டும் அவங்களே தூக்கிகினு வந்தாங்க."

சில வீடுகளில் மன்னிப்பு இப்படித்தான் வரும்... வாய் திறக்காமல்!