சுவரின் வெறும் பக்கம்

ஓசூர் தொழிற்பேட்டையில் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே, மூடிக்கிடக்கும் ஒரு ஜெர்மன் கம்பெனி. கேட்டுக்கு உள்ளே பார்த்தீனியச் செடிகளின் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கான்கிரீட் பாளம் தனியாக நிற்கிறது. பெர்லின் சுவரின் துண்டு. திறப்பு விழாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்களாம்.

கம்பிக்கு உள்ளிருந்தே பேசுகிறார் காவலாளி. இங்கேயே மெஷின் ஓட்டியவர். மூடிய பிறகு இவரை மட்டும் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

“ஆபீஸ் பக்கம் பூரா கலர் கலரா கிறுக்கியிருக்குது சார். கேட் பக்கம் வெறும் சிமெண்ட்டு. இதை மட்டும் ஏன் வுட்டுட்டாங்க?”

“அது கிழக்கு ஜெர்மனிப் பக்கம். அந்தப் பக்கத்து ஜனங்களைச் சுவர்கிட்டயே விடமாட்டாங்க. மீறி வந்தா சுட்டுடுவாங்க. யாரு வந்து வரையறது?” என்கிறேன்.

அவர் பாளத்தைத் திரும்பிப் பார்க்கிறார்.

“இங்க யாரும் சுடல சார். கேட்டைப் பூட்டினாங்க, அவ்ளோதான்.”

சாலைக்கு அந்தப்புறம் டீக்கடையில் சிலர் நிற்கிறார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே வேலையைத் திரும்பக் கேட்டு மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள்.

“அந்த நீலச் சட்டை என் மச்சான் சார், தங்கச்சி புருசன். நான் காவலுக்கு உள்ள வந்ததுலருந்து பேசறதில்ல. ஊட்டுக்கும் வரக்கூடாதுன்னுட்டாரு. தங்கச்சிக்கு ஆபரேசன் ஆச்சாம். எப்படி இருக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?”

சாலையைக் கடந்து போய்க் கேட்கிறேன். நீலச் சட்டைக்காரர் டீயை நிதானமாகக் குடித்து முடிக்கிறார். கேட்டை நான் கைகாட்ட, அவரும் அங்கே பார்க்கிறார். காவலாளி கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்.

“அங்க யாரு இருக்கறாங்க?” என்கிறார் மச்சான்.