ஆற்றங்கரையில் நடந்த பாட்டுச் சண்டை

எனக்குக் கல்யாணமான முதல் வருடம் கார்த்திகை தீபம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, தேயிலைக் கொழுந்து பறிப்பும் இல்லை. மத்தியானச் சோறு தின்ற கையோடு நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய தங்கையும் மலையிலிருந்து பதுளைக்குக் கிளம்பிவிட்டோம்.

பாட்டுக்காரர் பூந்தோட்டத்தைப் பார்க்கத்தான் அந்த அவசரம். அந்தப் பாட்டுக்காரரும் எங்களைப் போலத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிழைத்தவர். அவர் கட்டிய கும்மிப் பாட்டுகளைப் பாடாத தோட்டம் ஊவா மாகாணத்தில் அப்போது இல்லை. அவர் காலமானதும் பதுளைக் கடைக்காரர்கள் கூடி, ஆற்றோரத்தில் அவர் நினைவாகச் செவ்வந்தியும் அரளியும் வைத்து, நடுவில் ஒரு கல்லும் நட்டிருந்தார்கள். அன்றைய விளக்குகளுக்கு எண்ணெய் முழுவதும் ஒரு முஸ்லிம் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். பாதையோரம் அகல், மரக்கிளையில் அகல், வாழைமட்டையில் வைத்து ஆற்றில் விட்ட அகல். லயத்தில் ஒற்றைப் போத்தல் விளக்கோடு இருந்த எனக்குக் கண் கூசியது. "வாயை மூடு, பூச்சி உள்ள போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கல்லைச் சுற்றிப் பெண்கள் கும்மிக்கு நின்றார்கள். என் நாத்தனாரைக் கேட்கவா வேண்டும்? நடுவில் புகுந்து எடுத்துவிட்டாள்.

"மலையிறங்கி வாராளே, மஞ்சப்பூ சூடி..."

எதிரே நின்ற பெண் கைகொட்டுவதை நிறுத்தினாள். பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. "தப்பாப் பாடுறியே புள்ள. மலையேறிப் போறாளேன்னுதான் பாட்டு."

"யாரு சொன்னா? பூவை வச்சுக்கிட்டு யாருக்காக மலையேறுவா?"

"ஏன், எங்க மலையில ஆம்பளை இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் இருவரும் விடுவதாயில்லை. இரண்டு தோட்டத்தாரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நாத்தனாருக்காக நானும் தொண்டை கிழியக் கத்தினேன். யாரோ, "சண்டை எதுக்கு? பாட்டுக்காரரு சம்சாரமே அங்க நிக்கிறாங்க, கேட்டுருவோம்" என்றார்கள்.

கல்லருகே குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார்.

"எனக்கு ரெண்டும் தெரியாது தாயி. நீங்க பாடித்தான் ரெண்டையும் கேட்டேன். வீட்டுல அவரு பாடுனது வேற."

"அது என்னங்க?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் விடவில்லை. கடைசியில், மெல்லிய குரலில், அதே மெட்டில் பாடினார்.

"சோறு வடிச்சுத் தாராளே, உப்பை மறந்து போயி!"

ஆற்றங்கரையே அதிர்ந்தது. ஜவுளிக்கடைக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார். சண்டை போட்ட இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு அந்த அடியைத்தான் எல்லோரும் பாடிக் கும்மி கொட்டினோம். அந்த அம்மாவையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். உள்ளங்கை சிவந்து எரிந்தது, யாரும் நிறுத்தவில்லை.

தென்னோலைப் பந்தம் பிடித்துக்கொண்டு மலையேறும்போது நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, நம்ம அண்ணனைப் பத்தியும் ஒண்ணு கட்டுவமா?"

"கட்டிப் பாரு, உதைதான்" என்றார் அவர்.

அவள் கட்டத்தான் செய்தாள். அவர் குறட்டையைப் பற்றி நாலு அடி. ஒன்றும் தாளத்தில் நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு ஏற முடியவில்லை. மூன்று பேரும் வழியோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டோம்.