எலிகளுக்குத் தமிழ் தெரியும்

அரிசி போட்டு வைத்திருக்கும் பித்தளை அண்டாவின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மாமனார் ஞாபகம் வந்துவிடும். அது என் தாய் வீட்டுச் சீர். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் ஏம்பலத்துக்கு நான் மருமகளாக வந்தபோது, வண்டியிலிருந்து அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்ற மாமனார், "இன்னாத்துக்கு இம்மாம் பெரிசு? பட்டாளத்துக்கா சோறாக்கப் போறோம்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் நான்கு மாதம் அவர் எதிரில் நான் செய்ததெல்லாம் அது ஒன்றுதான்.

பட்டாளம் அவருக்குப் பழக்கமானது. பிரெஞ்சுக்காரர்களின் சிப்பாயாகச் சைகோன் வரை போய் வந்தவர். ஊரில் அவரைச் 'சொல்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். சைகோனில் யாரைச் சுட்டார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நான் கண்ணால் பார்த்தது அவர் எலிகளோடு போட்ட சண்டையை மட்டும்தான்.

எங்கள் கொல்லையில் மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர், கிணற்றடியில் வள்ளிக்கிழங்குப் பாத்தி. மூன்றுக்கும் அடியில் எலிவளை. கொட்டகையின் மூலையில் விதைக்கோட்டை இருந்தது. அடுத்த நடவுக்கான விதைநெல்லை வைக்கோலால் பந்துபோல் இறுக்கிக் கட்டி, மேலே சாணம் மெழுகி வைப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். முந்தின வருஷம் எலிகள் அதைத் தின்றுவிட, மாமனார் பக்கத்து வீட்டிலிருந்த தன் அண்ணனிடம் போய் விதை கேட்க வேண்டியதாயிற்று. அண்ணன் கொடுத்தார். கொடுத்ததை வருஷம் முழுக்கக் கோயிலிலும் களத்துமேட்டிலும் சொல்லிக்கொண்டும் இருந்தார். இன்னொரு முறை அந்த வாசலை மிதிப்பதைவிடத் திரும்பவும் கப்பல் ஏறுவதே மேல் என்பது மாமனாரின் எண்ணம்.

அதனால் அந்த வருஷம் வீட்டில் கடுமையான சட்டம் போட்டிருந்தார். எலி பிடிக்கும் கிட்டி வைப்பதையோ வளை அடைப்பதையோ யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் எலி கேட்டுக்கொள்ளும், வழி மாறிப் போய்விடும். எங்கள் பக்கத்தில் இதை நம்பாத வீடு கிடையாது. யாராவது வாய் திறந்தால் மீசைமேல் குறுக்காக விரலை வைத்து "சிலான்ஸ்" என்பார். பேசாதே என்பதற்கு அவர் பட்டாளத்தில் கற்ற சொல். எலிகளுக்குத் தமிழ் தெரியும், பிரெஞ்சு தெரியாது என்பது அவர் கணக்கு. எங்களுக்கும்தான் தெரியாது. கையால் அவர் காட்டிய சைகைகளை வைத்து, நான் ஒருநாள் மண்வெட்டிக்குப் பதில் முறத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு காலையில் பாத்தியோரத்து வளைக்குள் மிளகாய் வற்றல் புகை போட்டார். நாங்கள் தடியோடு காத்திருந்தோம். ஒரு எலியும் வரவில்லை. புகை பூமிக்கடியில் போய் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் எழும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பமே தும்மியது. பெரிய மாமனார் கண்ணைத் துடைத்தபடி வந்து, "டேய் தம்பி, வெதை வோணும்னா கேட்டு வாங்கிக்கடா. என் வூட்டக் கொளுத்தாத" என்றார். மாமனார் அன்று பகல் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் அவர் பாகூர்ப் பக்கம் போயிருந்தபோது, மாமியார் என்னைக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். கோட்டையின் அடிப்பக்கத்தில் முஷ்டி நுழையும் அளவு ஓட்டை. இருவருமாக அதைப் பிரித்து, மிச்ச நெல்லை என் அண்டாவில் கொட்டி, வேப்பிலை போட்டு மூடினோம். பிறகு மாமியார் பதரை நிரப்பிப் பழையபடியே கோட்டை கட்டினார். எதற்கு என்று நான் கண்ணால் கேட்டேன். கோட்டையைக் காணாவிட்டால் எலி தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுமாம். மாமனாரிடம் சொல்ல வேண்டாமா என்றும் மெதுவாகக் கேட்டேன்.

"அந்த ஆளுக்கு மெதுவா பேசத் தெரியுமா? சொன்னா 'இன்னாடீ'ன்னு கத்துவாரு. ஊரே கேக்கும், எலி கேக்காதா?"

அதன்பின் மாமனார் அந்தப் பதர்மூட்டைக்குக் காவல் இருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. சுற்றிலும் இலந்தை முள், நான்கு மூலையிலும் மூங்கில் கிட்டி, எதிரில் தடியோடு அவர். நான் மோர் கொண்டுபோய் வைப்பேன். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். அவர் விரல் மீசைக்குப் போகும், நான் திரும்பி வந்துவிடுவேன். பதரில் எலிக்கு என்ன இருக்கிறது? பத்தே நாளில் அதன் நடமாட்டம் நின்றது. மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டார்.

விதை ஊறப்போடும் நாள் வந்தது. மாமியார், எலிவாகனம் வைத்திருக்கிற பிள்ளையாருக்கே தேங்காய் உடைக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை மாமனாரால் பொறுக்க முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, அரிவாளால் கோட்டையைக் கிழித்தார். பதர் கொட்டியது. காற்றில் பாதி பறந்தது. உள்ளே கைவிட்டுத் துழாவினார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய மாமனார் சிரிக்கக்கூட இல்லை. "விடுடா தம்பி. என் வூட்ல..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, வெதை அண்டாவுல இருக்கு."

சொன்னது நான்தான் என்பது எனக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. அந்த வீட்டில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. சத்தமாக வேறு வந்துவிட்டது. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. பிறகு சட்டென்று கொல்லையின் நான்கு மூலையையும் பார்த்தார். மீசைமேல் விரலை வைத்தார்.

"சிலான்ஸ். மெதுவா சொல்லும்மா."

அந்த வருஷ நாற்று எங்கள் விதையில் முளைத்தது. அண்டாவைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை யாரையும் நகர்த்தவும் விடவில்லை.

போன வாரம் என் மருமகள் தவளக்குப்பத்திலிருந்து எலி மருந்து வாங்கி வந்தாள். "அத்தை, இன்னிக்கு ராத்திரி கொல்லையில வெச்சிடலாம்" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். என் விரல் தானாக மேலுதட்டுக்குப் போனது. அவள் நின்று என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய், அண்டாவின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன்.